வண்டி வருமுன் பாடியவள்

விருதுநகர் ரயிலடியில் இறங்கிய அன்று தேவமணி முதலில் செய்த காரியம் தும்மியது. ரயிலடியிலிருந்து வெளியே வந்தால் மிளகாய் வத்தல் அடைத்துவைக்கும் கிட்டங்கிகள். புதுப்பெண், பட்டுச்சேலை, பக்கத்தில் புது மாப்பிள்ளை தேவாசீர்வாதம் வாத்தியார். மாட்டுவண்டி கிட்டங்கித் தெருவில் திரும்பியதும் காரம் மூக்கில் ஏறிவிட்டது. ஊரில் மற்றவர்களுக்கு வந்தால் அது தும்மல். அவளுக்கோ ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று நடுவில் என்று சுருதி பிரிந்து வந்ததாம். தலையில் மூட்டையோடு போன ஆட்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நின்று கேட்டார்களாம். விருதுநகரில் பாதி வழியில் வத்தல் மூட்டையை இறக்கவைக்க வெள்ளைக்காரக் கலெக்டராலும் முடிந்ததில்லை.

அவள் வளர்ந்தது கொழும்பில். அவளுடைய அப்பா பால்துரை கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில் சமையல்கட்டு மேற்பார்வை. இரண்டாம் உலகச் சண்டைக் காலம். சனிக்கிழமை தோறும் அங்கே நடனம். பறங்கியர் சிலர் சேர்ந்து நடத்திய ஜாஸ் பாண்டு வாசிக்கும். சமையல்கட்டிலிருந்து சாப்பாட்டை மேலே இழுக்கும் பெட்டி ஒன்று சுவருக்குள் ஓடியது. கீழே நின்றுகொண்டு தேவமணி பாண்டோடு சேர்ந்து பாடுவாள். குரல் பெட்டிக்குள் ஏறி, சூப்போடு சேர்ந்து மேசைக்கு வந்துவிடும். இந்த சூப்பை வைத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு ஒருநாள் பியானோக்காரர் சமையல்கட்டுக்கே இறங்கி வந்தார். அடுத்த சனிக்கிழமை அவள் மேடையில் நின்றாள்.

உச்சத்தில் ஏறி மூச்சைப் பிடித்து நிறுத்தினாளென்றால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் பதிலுக்கு ஊதும் என்பார்கள். ஒரு கப்பல் அவள் குரலை நம்பி நேரே கரைக்கு வந்து, ஹோட்டல் தோட்டத்துத் தென்னை மரத்தில் முட்டி நின்றதாம். இதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு கப்பல் என்று சொல்லியிருப்பேன்.

பிற்பாடு அவளுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தபோது, ஜாஸ் என்றால் என்னவென்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். அவள் சொன்ன விளக்கம் இது. பந்திக்குக் கூப்பிட்டவுடன் ஓடிப்போய் உட்காருகிறவர்கள் உண்டு. இரண்டாவது தரம் கூப்பிடட்டும் என்று இருந்து, குழம்பு ஆறுவதற்குள் போய் உட்காருகிறவர்களும் உண்டு. தாளம் கூப்பிடும்போது அந்த இரண்டாவது ஆளைப்போல ஒரு மூச்சு பிந்திப் போய் உட்கார வேண்டும். பந்தியையும் தவறவிடக் கூடாது, பறந்துகொண்டும் போகக் கூடாது.

பாண்டில் டிரம்பெட் ஊதியவர் வெள்ளைத்துரை, நாசரேத்துப் பக்கத்துக்காரர். அவளுக்கு அண்ணன் மாதிரி. மேடையில் நிற்கும்போது அவளுக்கும் பாண்டுக்கும் ஒரு சைகை உண்டு. பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டே வந்து, போதும் என்று தோன்றுகிற இடத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலைச் சொடுக்குவாள். கூட்டத்துக்குத் தெரியாது. பின்னால் இருக்கும் பெரிய டிரம் அந்தச் சொடுக்கில்தான் உள்ளே வரும்.

சண்டை முடிந்த வருஷம் கல்யாணம் பேசி முடித்தார்கள். தேவாசீர்வாதம் கணக்கு வாத்தியார். ஜாஸ் என்பது ஏதோ ஒரு மருந்து என்று நினைத்திருந்தவர். முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள்.

"நான் பாடணும்ங்க. பாடாம என்னால இருக்க முடியாது."

அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். "பிள்ளைக தலையெடுக்கட்டும் மணி. அப்புறம் நீ பாடு. நானே கூட்டிட்டுப் போறேன்."

"பிள்ளைகளே இன்னும் பொறக்கலையே."

"பொறந்துரும். நீ அவசரப்படாத."

அவர் வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடம் கிருபைபுரத்தில் இருந்தது. எம். புதுப்பட்டியைத் தாண்டி, ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் கரிசலுக்கு நடுவே கிடக்கும் ஊர். வேதக்கோயிலைச் சுற்றி எங்களைப்போல வாத்தியார், நர்ஸ் குடும்பங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள். முந்தின தலைமுறையில் காட்டு வேலை செய்தவர்கள். மழை ஏமாற்றியபோது வெடிமருந்து வேலைக்குப் போனார்கள். காலையில் கம்பெனி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். பட்டாளத்தில் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்த பழைய வேன் அது. விளக்கு வைத்து மருந்து வேலை செய்யக் கூடாதென்பதால் பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவந்து கொட்டும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் வண்டி வந்து சேரும்வரை யாரும் பெரிய சத்தம் எழுப்பக் கூடாது. கல்யாண மேளமானாலும் சரி, சாவுக்கொட்டானாலும் சரி, காத்திருக்கும். சாயங்கால ஆராதனைக்குக் கோயில் மணிகூட வண்டியைப் பார்த்துத்தான் அடிக்கும். உலக்கைச் சத்தத்துக்கோ வேட்டுச் சத்தத்துக்கோ அந்த ஊர் பயப்படாது. கம்பெனியில் மத்தியானம் சாம்பிள் வெடிப்பார்கள், தொட்டில் பிள்ளை கண்ணைத் திறக்காது. விபத்தின் சத்தம் வேறு. அது காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடும். தரையில் ஒரு 'தொம்'. அவ்வளவுதான். அந்தத் 'தொம்'முக்காகவே ஊர் நாள் முழுக்க ஒரு காதைத் தரையில் வைத்திருந்தது. அதைக் குழப்புகிற எந்தச் சத்தமும் வண்டி வருமுன் எழக் கூடாது.

தேவமணிக்குக் கிறிஸ்துராஜ் பிறந்தான். பிறகு பாக்கியவதி. அவள் தொட்டில் ஆட்டினால் கயிறுகூடத் தாளம் பிந்திக் கிரீச்சிடும். நெல் குத்த ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலுத்தாய் வருவாள். இருவரும் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். அதுதான் வம்பு.

"வாத்தியாரம்மா, உங்க ஒலக்கை ஏன் ஒரு மூச்சு பிந்தி விழுது? நான் போடுறதா வேண்டாமான்னு முழிச்சிட்டு நிக்கேன்."

"அதுதான் வேலு அழகு."

"அழகு இருக்கட்டும். எம் வெரலு போயிட்டுன்னா நீங்க வந்து கம்பெனியில எனக்கு வெடிமருந்து திணிச்சுக் குடுப்பீகளா?"

வேலுத்தாயின் மகள் இருளம்மாள் அப்போது சின்னப் பிள்ளை. அவளுக்கு அந்தப் பிந்தல் புரிந்துவிட்டது. அம்மாவைத் தள்ளிவிட்டுத் தன் உயரத்துக்கு மேலிருந்த உலக்கையைப் பிடித்து, தேவமணியின் போக்குக்குச் சரியாகப் போட்டாள். அன்றிலிருந்து கிருபைபுரத்தில் தேவமணிக்கு ஒரே ஒரு ரசிகை. கொழும்புப் பியானோக்காரர் கட்டிய பாட்டு ஒன்று இருந்தது, காற்றில் தொப்பியைத் தொலைத்த ஒரு கனவானைப் பற்றி. தொப்பி போன இடமெல்லாம் அவர் பின்னாலேயே ஓடுவார். இங்கிலீஷில் ஒரு வார்த்தையும் அறியாத பிள்ளை, வாசலில் வந்து நின்றுகொண்டு, "தொப்பிப் பாட்டு பாடுங்க" என்று கேட்கும். மெல்லிய குரலில் தேவமணி பாடுவாள், சாணி தட்டிக்கொண்டு, பாத்திரம் விளக்கிக்கொண்டு. கொழும்பில் நூறு பேர் எழுந்து நின்று கை தட்டியது இருளம்மாளின் ஒரு தலையாட்டலுக்கு ஈடாகாது என்பாள்.

இருளம்மாள் வளர்ந்து கம்பெனி வண்டியில் ஏறினாள். கல்யாணத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அறுபத்திரண்டாம் வருஷம், தீபாவளிக்கு முந்தின சீசனில், ஒரு நாள் மத்தியானம் தரையில் 'தொம்' வந்தது. ஊரே ஓடியது. வேலுத்தாயிடம் எதையும் காட்டவில்லை. காட்டும்படி எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு வேலுத்தாய் சாயங்காலம் தோறும் வண்டி நிற்கும் புளியமரத்தடிக்குப் போய் நின்றாள். எல்லோரும் இறங்கிய பிறகும் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். யாராலும் தடுக்க முடியவில்லை. வெகுநாள் கழித்து, ஒரு கார்த்திகை மாதத்தில், போவதை நிறுத்தினாள். "இனிமே வரமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு வாத்தியாரம்மா" என்று அவளே வந்து சொன்னாள். அதைச் சொல்வதற்கு ஒரு மனுஷிக்கு எம்புட்டுத் தெம்பு வேண்டுமென்று அன்று தெரிந்துகொண்டோம். மறுநாளிலிருந்து பழையபடி நெல் குத்த வந்தாள்.

அறுபத்தாறாம் வருஷம் தேவமணியின் பிள்ளைகள் தலையெடுத்தார்கள். பாக்கியவதி நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டாள். கிறிஸ்துராஜ் அந்தக் கம்பெனியிலேயே ஆபீசில் சரக்கு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தான். வீடு சத்தமில்லாமல் போயிற்று. தேவமணி அடுப்படியில் தனியே நின்று ஒரு பாட்டைத் தொண்டை திறந்து பாடிப் பார்த்தாள். அடுத்த வீட்டில் எங்கள் பானைத் தண்ணீர் அலையடித்தது. மேலே மிதந்த கறிவேப்பிலை மூன்று சுற்று சுற்றியது. குரல் முன்னைவிடக் கீழே இறங்கியிருந்தது. கொஞ்சம் கரகரப்பும் சேர்ந்திருந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளைத்துரை வந்தார். கொழும்பு பாண்டு கலைந்து, மதுரையில் சொந்தமாக ஒன்று வைத்திருந்தார். தலை நரைத்திருந்தது, சிரிப்பு நரைக்கவில்லை. அவள் பாடிக் காட்டியதும் காப்பியைக் கீழே வைத்தார்.

"மணி, இந்தக் குரலை எங்க ஒளிச்சு வச்சிருந்த? முந்தி நீ பாடினா கேக்க நல்லாருக்கும். இப்ப வலிக்குது. ஜாஸுக்கு இதுதான் வேணும்."

மெட்ராஸில் புதிதாக வந்த ஒரு ஹோட்டலில் சாயங்காலப் பாட்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றார். மானேஜர் லட்சுமிகாந்தம் அடுத்த மாதம் தெற்கே வருகிறார். கூட்டத்துக்கு முன்னால் அவள் பாடி அவர் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். ஆனால் தனியறையில் பாடிக் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார். கூட்டம் உட்கார்ந்து கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"இதை விட்டா வேற வாய்ப்பு வராது. நமக்கும் வயசாகுது" என்றார்.

தேவாசீர்வாதம் தன் வாக்கை மறக்கவில்லை. அவரே குருவானவரிடம் போனார். அறுப்பின் பண்டிகை சனிக்கிழமை, காணிக்கை ஏலம் முடிந்த பிறகு, வண்டியும் வந்த பிறகு, கோயில் மைதானத்தில் கச்சேரி வைக்கலாமா என்று கேட்டார். குருவானவர் தேவமணியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"என்ன மாதிரிப் பாட்டு பாடப் போறீங்கம்மா?"

"தொப்பி காணாமப் போன பாட்டு ஒண்ணு இருக்குய்யா."

"தொப்பியா?"

"ஆமாய்யா. வேதத்துல வர்ற காணாமப் போன ஆடு, காணாமப் போன வெள்ளிக்காசு மாதிரி. இவரு தொப்பியை விடாமத் தேடுறாரு."

"கடைசியில கிடைக்குதா?"

"கிடைக்குதுய்யா."

குருவானவர் நெடுநேரம் மேலே பார்த்தார். "அப்ப சரி. கிடைக்கிற மாதிரியே பாடுங்க."

மேடையைத் தேவாசீர்வாதமே நின்று போட்டார். கம்பெனியிலிருந்து வெடியுப்பு வந்த காலி இரும்புப் பீப்பாய்களை இரவல் வாங்கி, கவிழ்த்து அடுக்கி, மேலே பலகை பரப்பினார். மனைவி நிற்கும் இடம் ஆடக் கூடாதென்று பீப்பாய்களைத் தரையில் கொஞ்சம் குழி பறித்துப் பதித்தும் வைத்தார்.

சனிக்கிழமை ஏலம் களை கட்டியது. ஒரு பூசணிக்காய்க்காக இரண்டு வாத்தியார்கள் போட்ட சண்டையில் விலை ஏறி ஏறி, அந்தப் பணத்துக்குப் பூசணித் தோட்டமே வாங்கியிருக்கலாம். வெயில் தணியத் தொடங்கியபோது மைதானம் நிறைந்திருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சனமும் கச்சேரி என்றதும் வந்துவிட்டது. வேலைக்குப் போகாத கிழவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், பெண்ணையோ புருஷனையோ கம்பெனிக்கு அனுப்பிவிட்டு வண்டிக்குக் காத்திருந்தவர்கள். முன்வரிசையில் வேலுத்தாய், தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லட்சுமிகாந்தம் காரில் வந்து இறங்கினார். இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"விருதுநகரில் நான் ரயிலைப் பிடிக்க வேண்டும். இந்த ரோட்டில் வந்ததே பெரிய பாடு. இப்போதே தொடங்கினால் கேட்பேன். இல்லையென்றால் மன்னிக்கவும்."

தேவாசீர்வாதம் மனைவியைப் பார்த்தார். "வண்டி இன்னும் வரலையே மணி. சீசன் வேற. பிந்தும்."

அவள் புளியமரத்தைப் பார்த்தாள். ரோடு வெறுமையாகக் கிடந்தது. பிறகு காருக்குப் பக்கத்தில் நின்ற மனிதரைப் பார்த்தாள்.

"ரெண்டே பாட்டுங்க. மெல்லப் பாடிருறேன்."

அவர் மறுக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவளை நிறுத்தி வைத்திருந்தவர் அவர்தானே.

அவள் டிரம்காரரிடம் போனாள். வெள்ளைத்துரையோடு வந்த மதுரை ஆள், அந்த ஊர் வழக்கம் அறியாதவர். "சின்ன டிரம்முல பிரஷ் மட்டும் போடுங்க. பெரிய டிரம் மிதியில காலே வைக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் வைக்கக் கூடாது" என்றாள். அவர் தலையாட்டினார்.

முதல் பாட்டில் கூட்டம் நெளிந்தது. இது என்ன பாட்டு, மூக்கால் பாடுகிறதா, தொண்டையால் பாடுகிறதா என்று ஒரு கிழவர் கேட்டார். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. பாதிக்கு மேல் அந்தக் கரகரப்பு அவர்களைப் பிடித்துவிட்டது. அர்த்தம் தெரியாதவர்களுக்குக் குரல்தான் அர்த்தம். லட்சுமிகாந்தம் காரின் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டாவதாகத் தொப்பிப் பாட்டை எடுத்தாள். வேலுத்தாயின் உதடுகள் அசைந்தன. ஒரு வார்த்தையும் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் மூச்சு பிந்தும் என்று தெரியும். அங்கெல்லாம் தலை அசைந்தது, மகள் ஆட்டுகிற மாதிரியே. அதைப் பார்த்துக்கொண்டே தேவமணி பாடினாள். தொப்பி பறந்தது, கனவான் ஓடினார், குரல் ஏறிற்று. வெள்ளைத்துரை டிரம்பெட்டைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவள் கொழும்பில் நின்ற மாதிரி நின்றாள். பிள்ளை, அடுப்பு, உலக்கை எல்லாம் உடம்பிலிருந்து கழன்று விழுந்துவிட்டன. போதும் என்று தோன்றுகிற அந்த இடம் வந்தது. அவளை அறியாமலே கை முதுகுக்குப் பின்னால் போயிற்று. விரல் சொடுக்கியது.

டிரம்காரர் தொழில் தெரிந்தவர், வெள்ளைத்துரை தன் பாண்டுக்கும் அந்தச் சைகையைப் பழக்கியிருந்தார். காலை வைத்தார்.

கவிழ்ந்த பீப்பாய்கள் சத்தத்தை வாங்கித் தரைக்குள் இறக்கின. தொம்.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். முன்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்தது, சேலையைத் தூக்கிச் செருகினார்கள், பிள்ளைகளை இடுப்பில் ஏற்றினார்கள், கம்பெனி இருக்கும் திசையில் ஓடினார்கள். கிழவர்கள் கம்பை ஊன்றிக்கொண்டு ஓடினார்கள். கால் சத்தம் மட்டும் கேட்டது. மைதானத்தில் செருப்புகளும் ஏலம் போகாத ஒரு கோழியும் மிஞ்சின.

தேவமணி மைக்கைப் பிடித்தாள். "அது டிரம்மு. இங்கன அடிச்ச டிரம்மு. ஒண்ணுமில்ல, வாங்க. ஒண்ணுமில்ல."

ஒரு தலையும் திரும்பவில்லை. எப்படித் திரும்பும்? ஒவ்வொரு விபத்திலும் கம்பெனி வாசலில் நிற்பவர்கள் முதலில் சொல்கிற வார்த்தை அதுதான். இருளம்மாள் போன அன்றும் சொன்னார்கள், ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல. ஒலிபெருக்கியில் அதைக் கேட்டதும் பிந்தி நின்ற இரண்டு பேரும் ஓடினார்கள்.

"நிறுத்தாத மணி" என்றார் வெள்ளைத்துரை. "அவரு உக்காந்துதான் இருக்காரு. பாடு. முடிச்சிரு."

லட்சுமிகாந்தம் உட்கார்ந்துதான் இருந்தார். என்ன நடந்ததென்று அவருக்குப் புரியவில்லை. அவள் அவரைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள். கிறிஸ்துராஜ் கம்பெனியில் இருக்கிறான். அது டிரம் என்று அவளுக்குத் தெரியும். சொடுக்கிய விரல் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவளும் அந்த ஊரில் இருபது வருஷம் ஒரு காதைத் தரையில் வைத்திருந்தவள். உள்ளங்கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. மேடையிலிருந்து குதித்து எல்லோருக்கும் பின்னால் ஓடினாள்.

கம்பெனி வாசல் மூடியிருந்தது. உள்ளே வேலை அமைதியாக முடிந்துகொண்டிருந்தது. இத்தனை சனம் ஓடிவருவதைப் பார்த்து உள்ளே இருந்தவர்கள்தான் பயந்தார்கள். கதவு திறந்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், கையிலும் முகத்திலும் வெள்ளி மருந்து மினுங்க. தாய்மார்கள் அவர்களைப் பிடித்து இழுத்து, கையைப் பார்த்து, காலைப் பார்த்து, பிறகு ஆத்திரம் தாங்காமல் ஓர் அறையும் கொடுத்தார்கள். கிறிஸ்துராஜ் விரலில் மையோடு வந்தான். தேவமணி அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா? பாட்டு முடிஞ்சிருச்சா? நான் வர்றதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"வண்டி வரும் முன்ன எந்தப் பாவி மேளம் அடிச்சது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான்தான்" என்றாள் தேவமணி.

திட்டுவதற்கு வாயெடுத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் யாரும் திட்டவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலுத்தாய் நிற்பதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். வெளியே வருகிற முகம் ஒவ்வொன்றையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் வந்ததும் காவல்காரர் கதவைச் சாத்தப் போனார்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"வந்தாச்சு தாயி. ஒரு சேதமும் இல்ல."

"எம்மவ வரலையே."

காவல்காரர் கதவை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தலைப்பின்னல் நீளமா இருக்கும். இருளம்மான்னு பேரு. உள்ளதான் இருப்பா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

தேவமணி போய் அவள் கையைப் பிடித்தாள். "வா வேலு, வீட்டுக்குப் போவோம்."

"இருங்க வாத்தியாரம்மா. எதுக்கும் பிந்தி வர்ற பிள்ளை. நீங்கதான அதுக்குப் பழக்குனீக."

அவர்கள் திரும்பி வந்தபோது கார் போய்விட்டிருந்தது. வெள்ளைத்துரை மேடைப் பலகையில் தனியே உட்கார்ந்திருந்தார். தேவாசீர்வாதம் பீப்பாய்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். "நான்தான் குழி பறிச்சுப் பதிச்சேன்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

ஊர் அதைச் சீக்கிரமே கேலியாக்கிவிட்டது. கேலி செய்யாவிட்டால் அந்தச் சனம் அங்கே பிழைக்க முடியாது. "வாத்தியாரம்மா ஒரு பாட்டு பாடினா போதும், ஊரே ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சிரும்" என்றார்கள். கால் வலி இருந்த ஒரு கிழவர் அன்றைய ஓட்டத்தில் குணமாகிவிட்டதாகவும், வைத்தியர் தேவமணிமேல் கோபமாக இருப்பதாகவும் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டதில் எனக்கும் பங்குண்டு. தேவமணி சிரித்துக்கொள்வாள்.

வேலுத்தாய் மட்டும் கேலிக்குள் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் புளியமரத்தடியில் நின்றாள். அதற்கு அடுத்த நாளும் நின்றாள். நாலு வருஷமாக அவள் மனசுக்குள் தூக்கித் தூக்கி வைத்துக் கட்டிய சுவரை அந்த ஒரு 'தொம்' தள்ளிவிட்டது. வண்டியிலிருந்து இறங்குகிறவர்களிடம் மகளைப் பற்றிக் கேட்டாள். இருட்டிய பிறகும் நின்றாள். யார் கூப்பிட்டாலும் வரமாட்டாள். தேவமணி கூப்பிட்டால் மட்டும் வந்தாள். ஆகவே தேவமணியும் சாயங்காலம் தோறும் போனாள். ஒருநாள் காய்ச்சலில் போக முடியவில்லை. வேலுத்தாய் கம்பெனி வாசல்வரை நடந்து போய், பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

தீபாவளி போயிற்று. கிறிஸ்துமஸும் போயிற்று. தை மாதத்தில் ஒருநாள் வெள்ளைத்துரை பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் மலர்ந்திருந்தது.

"மணி, லட்சுமிகாந்தம் ஆள் அனுப்பிட்டாரு. 'ஒண்ணரைப் பாட்டு கேட்டேன், போதும், அந்தம்மாவை வரச் சொல்லுங்க'ன்னு சொல்லிட்டாரு. தங்கவும் இடம் குடுக்குறாரு. தினம் சாயங்காலம் பாடணும். ராத்திரி சாப்பாட்டோட முடிஞ்சிரும்."

தேவமணி முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவள் முகம் அப்படி ஒளிர்ந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. பிறகு அது மெல்ல மெல்ல இறங்கியது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்திருக்கக் கூடாது.

"போ மணி" என்றார் தேவாசீர்வாதம். "வேலுத்தாயை நான் பாத்துக்கிறேன்."

"நீங்க கூப்பிட்டா அவ வரமாட்டா."

"பழகிக்கிருவா."

"வருஷக்கணக்கா ஆச்சுங்க, முந்தி அவ பழகுறதுக்கு." அவள் புளியங்கொட்டையைத் தனியே எடுத்து வைத்தாள். பிறகு வெள்ளைத்துரையிடம் சொன்னாள். "சாயங்காலம் எனக்கு வேலை இருக்குண்ணே."

"என்ன வேலை? அதை யாருகிட்டயாவது விடு."

"விடுற வேலை இல்ல."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மதுரையில் பகலில் பாடலாம் என்றார். பகலில் ஜாஸ் கேட்பவர் யார் என்று அவளே கேட்டாள். அவர் கடைசியில் தொப்பிப் பாட்டின் மிச்சத்தையாவது ஒருமுறை பாடு, கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அவள் தொடங்கினாள். கை பின்னால் போகிற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். வெள்ளைத்துரை காத்திருந்தார். பாட்டு வரவில்லை. அவர் டிரம்பெட் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

பொழுது சாய்ந்தது. தேவமணி கையைக் கழுவிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனாள். வேலுத்தாய் முன்னமே வந்து நின்றிருந்தாள். வண்டி வந்தது. தை மாதம், வேலை குறைவு. உள்ளே பாதி ஆட்கள்கூட இல்லை. இருந்தவர்கள் இறங்கினார்கள். அவர்கள் முகங்களை வேலுத்தாய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வண்டிக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு, அவள் எட்டிப் பார்ப்பதற்காகப் பின்கதவைத் திறந்தே வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

"இன்னைக்கும் பிந்தும்போல" என்றாள் வேலுத்தாய்.

"ஆமா வேலு" என்றாள் தேவமணி. "சீசன் நேரம்லா."